அச்சுக்கு இட்ட எண்ணெய்

நாவல் எழுதுகிறவனுக்கு மோட்டார் வண்டியின் வயிற்றுக்குள் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நம் கதைகளில் மோட்டார் வராமல் இல்லை. கதாநாயகன் காரில் வந்து இறங்குவான். கதாநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்து மேகங்களைப் பார்ப்பாள். கதை முடிவேனா என்று இழுத்துக்கொண்டு போனால், ஆசிரியர் ஒரு மலைப்பாதையைக் கொண்டுவந்து, விபத்து ஒன்றை உண்டாக்கி, வேண்டாத பாத்திரத்தைத் தீர்த்துவிடுவார். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று ஒரே வரி. காரியம் முடிந்தது. அந்தப் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று நான் படித்த கதைகளில் யாரும் சொன்னதில்லை.

அந்த 'ஏன்' எனக்கு ஏற்காட்டில் கிடைத்தது. காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "தை மாதத்தில் வந்து பத்து நாள் இருங்கள், குளிரில் நன்றாக எழுத வரும்" என்று அழைத்திருந்தார். குளிரில் நன்றாகத் தூக்கம் வந்தது. எழுதக் கிடைத்தது இதுதான்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 30 கிலோமீட்டர் சொச்சம். அதற்குள் வண்டி ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். "இது என்ன பிரமாதம்! எங்கள் கொல்லிமலையில் 70 வளைவு" என்று நாமக்கல்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். இருபதாவது வளைவில் நின்று கீழே எட்டிப் பார்க்கிறவனுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தருவதில்லை.

ஏரியையும் சீமாட்டி ஆசனத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஏற்காடு தார் ரோட்டோடு முடிந்துவிடுகிறது. தோட்டக்காரர்களுக்கு அங்கேதான் ஆரம்பம். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். செடிகளைச் சரிவில் நட்டுவிட்டால் பழத்தை மேலே கொண்டுவர வழி வேண்டாமா? சில்வர் ஓக் மரங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே செம்மண் பாதைகள் போகின்றன. பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மழைக் காலத்தில் ஓடை, மற்ற நாளில் பாதை. சில இடங்களில் எப்போதுமே ஓடை.

அந்த வழியில் ஜீப்தான் போகும். யுத்தத்துக்கென்று அமெரிக்காவில் 1941-இல் பிறந்த வில்லிஸ் ஜீப்பை, 1947-லிருந்து மகேந்திரா கம்பெனியார் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினார்கள்; பின்னால் இங்கேயே செய்யவும் தொடங்கினார்கள். நாலு சக்கரமும் இழுக்கும் என்பதுதான் அதன் பெருமை. நண்பரிடம் இருப்பது அந்த வம்சத்தைச் சேர்ந்த பழைய வண்டி. பின்பாகத்தைத் திறந்த டிரக்காக மாற்றியிருக்கிறது. அவருடைய தகப்பனார் வாங்கியது. டிரைவரும் தகப்பனார் காலத்தவர்தான். ஐம்பத்தைந்து வயதான என் நண்பரை அவர் இன்னும் "சின்ன முதலாளி" என்றே கூப்பிடுகிறார். நண்பர் அவரை "அண்ணே" என்பார்.

நான் போன நாலாம் நாள் மத்தியானம் அந்த அண்ணன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"இன்னிக்குக் கீழ்க் காட்டுக்கு வண்டி போவாதுங்க."

நண்பர் திடுக்கிட்டார். கீழ்க் காட்டில் காலையிலிருந்து பதினான்கு பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பர் யந்திரத்தில் போட்டுத் தோலை உரித்தாக வேண்டும். மூட்டையில் கிடந்தால் தானாகப் புளிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் காப்பியில் மணம் இருக்காது, கையில் காசு இருக்காது. சாயங்காலம் மூட்டைகளின் மேல் அந்தப் பெண்களும் ஏறி உட்கார்ந்து வருவார்கள்.

"வண்டி ஓடிக்கொண்டுதானே வந்தது? என்ன ஆச்சு?"

"ஓடுதுங்க. பின்னாலே ஊளையிடுது. ஏத்தத்திலே இல்லே, எறக்கத்திலே. வந்து பாருங்க."

இந்த ஏற்றம், இறக்கம் என்ற வித்தியாசத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு நடுவே, பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்புக் குடுவை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். லாரிக்காரர்கள் 'ஹவுஸிங்' என்பார்கள். உள்ளே இருப்பது டிஃபரன்ஷியல். வளைவில் வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் ஓட வேண்டும். முழுக் கொண்டை ஊசி வளைவு ஒன்றைச் சுற்றினால் ஜீப்பின் இரண்டு சக்கரங்களுக்கும் ஏறக்குறைய 4 மீட்டர் வித்தியாசம் வந்துவிடுகிறது. வளைவு அகலமோ குறுகலோ, கணக்கு அதேதான். வண்டியின் அகலம்தான் அதைத் தீர்மானிக்கிறது. மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுற்றுகின்றன, இழுப்பது மாடு. சக்கரத்தையே யந்திரம் சுற்றவைக்கும்போதுதான் இரண்டுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க ஒரு மத்தியஸ்தர் தேவைப்படுகிறார். நீராவி வண்டிக்காக இந்த மத்தியஸ்தரைக் கண்டுபிடித்து 1827-இல் உரிமை பெற்றவர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர். கடிகாரத் தொழில் தெரிந்தவர்.

எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியில் சின்னப் பற்சக்கரம், அது பினியன். அது சுற்றவைக்கும் பெரிய சக்கரம் கிரவுன். பழைய வில்லிஸ் ஜீப்பில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 43 பல். மேட்டில் ஏறும்போது பினியன் கிரவுனைத் தள்ளுகிறது. சின்ன கியரில் இறங்கும்போது சக்கரங்கள் கிரவுனைச் சுற்றி, கிரவுன் பினியனைத் தள்ளுகிறது. அதாவது ஏற்றத்தில் பல்லின் ஒரு பக்கம் தேய்கிறது. இறக்கத்தில் மறு பக்கம். டிரைவர் அண்ணன் எதையும் கழற்றிப் பார்க்காமல் காதாலேயே பல்லின் எந்தப் பக்கம் நோய் என்று சொல்லிவிட்டார். நாடி பார்க்கிற வைத்தியர்கள் குறைந்துவிட்ட காலத்தில் இது ஓர் அபூர்வம்.

ஆனால் அவர் சாவியைக் கொண்டுவந்து வைத்ததற்கு ஊளை காரணமில்லை. இடது பின் சக்கரத்தின் உள்பக்கத்தைக் காட்டினார். பிரேக் டிரம்மிலிருந்து கறுப்பாக ஒரு கசிவு வழிந்திருந்தது. விரலால் தொட்டு, பக்கெட்டில் இருந்த தண்ணீரில் கையை அலம்பினார். பிசுக்குப் போகவில்லை.

"பிரேக் ஆயிலா இருந்தா தண்ணியிலே கரைஞ்சு போயிரும். இது ஹவுஸிங் ஆயில்." பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறிற்று. "இதிலே நெடியே இல்லீங்களே! யார் வாங்கினது?"

கணக்குப் பார்ப்பவரை எல்லோரும் பார்த்தார்கள். அவர் நல்ல மனிதர், சிக்கனமானவர். சேலத்தில் ஒரு கடையில் பீப்பாயிலிருந்து அளந்து கொடுக்கும் சில்லறை ஆயிலை வாங்கி வந்து, ஒரு வருஷமாகக் குறைந்தபோதெல்லாம் ஊற்றச் சொல்லியிருக்கிறார். அண்ணன் கண் ஆப்பரேஷனுக்காக விடுப்பிலிருந்த மாதங்கள் அவை.

"90 நம்பர் கியர் ஆயில்தான் கேட்டு வாங்கினேன். கியர் ஆயில் என்றால் கியர் ஆயில்தானே?" என்றார் அவர்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கட்டை வண்டிக் காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். எல்லா வண்டிக்கும் அதே மைதான். அச்சைப் பற்றி அப்போதும் கவலை இருந்தது. பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ என்று உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் கட்டி வைத்த சேம அச்சைத்தான், தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாகச் சொன்னார் ஔவையார். புறநானூற்றில் 102-ஆம் பாட்டு. தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. சேர்வராயன் மலைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்து மேடு பள்ளங்களை மனத்தில் வைத்துத்தான் பாடினாரோ என்னவோ!

விளக்கெண்ணெய்க்கு மோட்டார்க் காலத்திலும் மவுசு இருந்தது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் இங்கிலீஷ்ப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் 1926-இல் அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனியார் தங்கள் கார்களில் ஹைபாய்டு என்ற புது மாதிரிப் பற்சக்கரத்தைப் பொருத்தினார்கள். அதில் பினியன் கிரவுனின் நடு மையத்தில் சேராமல் சற்றுக் கீழே தள்ளிச் சேருகிறது. வண்டி தாழ்வாக உட்காரும், சத்தம் குறையும், பலம் கூடும். எல்லாம் சரி, பல்லின் மேல் பல் உருளுவதோடு நில்லாமல் வழுக்கிக்கொண்டே அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய் ஓரத்துக்குப் பிதுங்கி ஓடிவிடும். இரும்பு இரும்பைத் தொடும். தொட்ட இடம் ஒரு கணம் உருகி ஒட்டிப் பிய்ந்து வரும்.

அதற்காகத்தான் எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்தைக் கலக்கிறார்கள். பல் சூடேறும் இடத்தில் கந்தகம் இரும்போடு சேர்ந்து மெல்லிய ஒரு படலமாகப் படிகிறது. பல்லுக்குப் பதில் அந்தப் படலம் தேய்கிறது. தேயத் தேய மறுபடி படிகிறது. நல்ல ஹவுஸிங் ஆயிலை முகர்ந்தால் பெருங்காய டப்பாவைத் திறந்தது போலிருக்கும். பெருங்காயத்தின் நெடியும் கந்தகச் சேர்மானத்தால் வருவதுதான். சமையலறைக்கும் ஒர்க்ஷாப்புக்கும் இப்படி ஒரு சம்பந்தம் உண்டென்று நான் கண்டேனா!

ஜீப்பின் ஹவுஸிங்கில் இருப்பது ஹைபாய்டு. பீப்பாய் ஆயிலில் அந்த மருந்து இல்லை. அண்ணன் மூக்கு அதைச் சொல்லிவிட்டது.

அப்படியானால் மருந்து அதிகமான ஆயிலையே வண்டி முழுக்க ஊற்றிவிடலாமே என்று தோன்றும். என் நண்பருக்குத் தோன்றியது. அதுவும் கூடாதாம். கியர் பெட்டிக்குள் பித்தளை, வெண்கல வளையங்கள் இருக்கின்றன. சூட்டில் கந்தகம் அவற்றைக் கறுக்கவைத்து அரிக்கக்கூடும். அதனால் டப்பாவின் மேல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தாரின் குறி ஒன்று போட்டிருப்பார்கள். ஜி.எல். 4 என்றால் மருந்து மிதம். பெரும்பாலும் கியர் பெட்டிக்கு. ஜி.எல். 5 என்றால் மருந்து கடுமை, ஹைபாய்டு ஹவுஸிங்குக்கு. ஒரே கடை, ஒரே கம்பெனி, ஒரே 90 நம்பர், பக்கத்துப் பக்கத்து டப்பா. 4-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கத்தான் வேண்டும்.

இந்த 90 என்பதும் மிரட்டுகிற நம்பர்தான். 40, 50 என்று எஞ்சின் ஆயில் விற்கிறதே, அதைவிட இரண்டு மடங்கு தடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு அளவுகோல். கியர் ஆயிலில் 90 என்பது தடிப்பில் ஏறக்குறைய எஞ்சின் ஆயிலின் 40, 50-தான். 80 டபிள்யூ 90 என்று போட்டிருந்தால் அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது: பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலும் எண்ணெய் இறுகிவிடாமல் இளகிக் கொடுக்கும் என்று அர்த்தம். ஏற்காட்டு மார்கழிக்கு அவ்வளவு தேவையில்லை.

"அண்ணே, 140 ஊற்றினால் ஊளை நின்றுவிடும் என்கிறார்களே?" என்று கேட்டார் நண்பர்.

"ஊளை நிக்கும். தேய்மானம் நிக்காதுங்க. காதிலே பஞ்சு வெச்ச மாதிரி."

வெயிலில் பெரும் பாரம் ஏற்றி ஓடுகிற லாரிகளுக்கு 140 சரியாக இருக்கலாம். வண்டியின் புத்தகத்தில் 90 என்று போட்டிருந்தால் 90-தான். கெட்டி ஆயில் இழுவையைக் கூட்டும், சூட்டைக் கூட்டும், நோயை மறைக்கும். பழைய வண்டியை விற்கிற சிலர் ஹவுஸிங்குக்குள் வாழைப்பழத்தையும் மரத்தூளையும் போட்டு ஊளையை அடக்கி விற்பார்களாம். வாழைப்பழத்துக்கு இப்படியும் ஓர் உபயோகம்!

கணக்குப்பிள்ளையின் மகன் மோட்டார் சைக்கிளில் சேலத்துக்குப் பறந்தான். ஜி.எல். 5 டப்பாக்களும் பிரேக் லைனிங்கும் வாங்கிவர வேண்டும். நண்பர் பக்கத்து எஸ்டேட்டுக்கு டெலிபோன் செய்து டிராக்டர் ஒன்றை இரவல் கேட்டார். குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. "பத்து வருஷமாக இதே பாதையில்தானே போகிறோம். ஒரு நடை போய் வந்தால் என்ன ஆகிவிடும்?" என்று என்னிடம் சொன்னார். அண்ணன் காதில் விழும்படிதான் சொன்னார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை உருவி, பிரேக் லைனிங்கை எடுத்து நண்பர் கையில் கொடுத்தார். எண்ணெயில் ஊறிப்போன அதிரசம் மாதிரி இருந்தது அது. நண்பர் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கீழ்க் காட்டுப் பாதையில் ஓர் இடத்தில் இடது பக்கம் வெறும் ஆகாயம். அந்த இடத்தை நான் நடந்துபோய்ப் பார்த்திருக்கிறேன். லைனிங்கைக் கீழே வைத்துவிட்டு, "பொம்பளைங்களை நடந்து வரச் சொல்லிவிடு" என்று ஆள் அனுப்பினார். கணக்குப் பார்ப்பவர், பெட்ரோல் விட்டுக் கழுவி அதையே மாட்டிவிடலாமா என்று மெல்லக் கேட்டார். கழுவினாலும் சூடேறும்போது உள்ளேயிருந்து எண்ணெய் மறுபடி வியர்க்குமாம். இரண்டு பக்கமும் புதிதாகவே போட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி கோணலாக இழுக்கும் என்றார் அண்ணன்.

எண்ணெய் அங்கே எப்படிப் போயிற்று? ஹவுஸிங்கின் தலையில் விரல்நுனி அளவு ஒரு மூச்சுக்குழல் இருக்கிறது. சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்தால் அதன் வழியே வெளியேற வேண்டும். செம்மண் அதை அடைத்திருந்தது. வழியில்லாத காற்று எண்ணெயைத் தள்ளிற்று; எண்ணெய் அச்சின் ஓரத்து ஸீலைத் தாண்டிப் பிரேக்குக்குள் போயிற்று. சூடான ஹவுஸிங் ஓடைத் தண்ணீரில் முழுகும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். உள்ளே காற்று சுருங்கி, தேய்ந்த ஸீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. கீழ்க் காட்டுக்குப் போகும் வழியில் இரண்டு ஓடைகள்.

மூன்று மணிக்கு டப்பாக்கள் வந்துவிட்டன. சமதளமான களத்தில் வண்டியை நிறுத்தி, சூடு முழுதும் ஆறுவதற்குள் அண்ணன் அடியில் படுத்தார். கீழ்த் திருகைக் கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, முதலில் மேல் திருகை, எண்ணெய் ஊற்றும் துவாரத்தின் மூடியைக் கழற்றினார்.

"கீழே திறந்து எண்ணெயெல்லாம் போனப்புறம் மேல் மூடி வரமாட்டேன்னு அடம் பிடிச்சா என்ன பண்ணுவீங்க ஐயா? வண்டி அங்கேயே கிடக்கும்."

பிறகு கீழ்த் திருகு. பீச்சிக்கொண்டு வந்தது எண்ணெயா? காப்பி எஸ்டேட்டுக்குப் பொருத்தமாக, பால் விட்ட காப்பி! தண்ணீர் கலந்தால் அந்த நிறம்தான் வரும். கடைசிச் சொட்டுகளை விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். வெள்ளிப் பொடி மாதிரி மினுங்கிற்று. பொடி இருப்பது சகஜம். துண்டு துண்டாக இருந்தால்தான் பல் உடைந்தது என்று அர்த்தம். துண்டு இல்லை. அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது.

அரை மணி நேரம் வடியவிட்டார். புது ஆயிலில் சிறிது ஊற்றி அலசி அதையும் வடித்தார். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவும் வழக்கம் சிலரிடம் உண்டு. மிச்சம் உள்ளே நின்றுவிட்டால் புது ஆயில் நீர்த்துப்போகும் என்று அவர் அதற்குச் சம்மதிப்பதில்லை. மூச்சுக்குழலைக் கழற்றிச் சுத்தம் செய்து ஊதிப் பார்த்தார். ஸீலை மாற்றினார். கீழ்த் திருகை இறுக்கி, மேல் துவாரத்தின் கீழ் விளிம்பை எண்ணெய் தொடும்வரை ஊற்றினார். சுண்டுவிரலை உள்ளே விட்டு மடக்கினால் எண்ணெய் தட்டுப்பட வேண்டும். அதற்கு மேலும் கூடாது. அதிகமானால் அதுவும் பிரேக்கைத் தேடிக்கொண்டு போகும். மொத்தம் ஒன்றேகால் லிட்டர் பிடித்தது. பீப்பாய் ஆயிலில் கணக்குப் பார்ப்பவர் மிச்சப்படுத்திய பணத்தில் ஒருவர் ஹோட்டலில் டிபன் சாப்பிடலாம். காப்பிக்குக் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.

வடித்த எண்ணெயை ஓடைப் பக்கம் கொட்ட எடுத்துப் போன பையனை அண்ணன் அதட்டித் திருப்பினார். டின்னில் மூடி, சேலத்தில் பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுப்பதற்காக ஷெட்டில் வைத்தாயிற்று.

ஆறு மணிக்கு இரவல் டிராக்டரில் மூட்டைகள் வந்து சேர்ந்தன. பெண்கள் மேட்டில் நடந்து வந்தார்கள். அவர்களில் வயதானவள் ஒருத்தி அண்ணனைப் பார்த்து, "எங்களை நடக்க வெச்சிட்டியே, மகராசா" என்று சொல்லி, வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். பல்ப்பர் யந்திரம் இரவு ஒன்பது மணிவரை ஓடிற்று.

மறுநாள் முன் ஹவுஸிங் பாக்கி. ஜீப்புக்கு முன்னாலும் ஒரு டிஃபரன்ஷியல் உண்டல்லவா? தார் ரோட்டில் முன் சக்கர இழுப்பைச் சேர்ப்பதில்லை. ஆகவே அது சும்மா இருக்கிறது என்று பலர் நினைப்பார்கள். சக்கரம் சுற்றும்போது அதன் பற்களும் சேர்ந்துதான் சுற்றுகின்றன. அங்கே மேல் மூடி அண்ணன் பயந்தபடியே அடம் பிடித்தது. பல வருஷத் துரு; ஸ்பானர் வழுக்கித் தலை உருண்டையாகிவிட்டது. அவர் கீழ்த் திருகைத் தொடவே இல்லை. "லேத்துப் பட்டறையிலே சூடு காட்டித்தான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை விடியற்காலையில் சேலத்துக்கு இறங்கினார். பக்கத்து ஸீட்டில் மீதி டப்பா இருந்தது. நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ஊளை இருந்தது, முன்னைவிடக் குறைவு என்றார் அவர். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.